முயல் குழலும் குட்டிக் குழலும்

அவிநாசிப் பக்கம் நரி கூப்பிட ஆள் வேண்டுமென்றால் தொண்ணூறுகளில் என் பெயரைத்தான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மூங்கில் துண்டில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, ஊதி ஊதி, நரியை வரவழைக்கும் குழல் செய்ய நானே கற்றுக்கொண்டேன்.

ஒரு பங்குனியில் மரகதம் என்கிற அம்மணி ஆள் விட்டிருந்தார். அவர் பட்டியில் நரி பட்டப்பகலில் ஆட்டுக்குட்டி தூக்கியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சின்னச்சாமி, பொழுது சாய்ந்ததும் வேலியோரம் போட விஷக்கறி கலந்து வைத்திருந்தார்.

"ஏனுங்ண்ணா, அதை நரி திங்குதோ இல்லையோ, எங்க கருப்பன் தின்னுபோடுமுங்க. கட்டி வெச்சாலும் கயித்தைக் கடிச்சுப்போட்டு ஓடுது" என்றார் மரகதம். கருப்பன் அவர் வளர்த்த நாய்.

பொழுது சாய்வதற்குள் நரியை உயிரோடு பிடிக்க, வனத்துறைக் காவலர் கூண்டோடு வந்திருந்தார். வேலிச் சந்தில் கூண்டை வைத்து, இருபுறமும் முள் அடைத்தோம். காற்று என் முகத்தில் அடிக்கிற மாதிரி பின்னால் உட்கார்ந்து, முயல் குழலை எடுத்தேன். அடிபட்ட முயல் கத்துகிற சத்தம். அதற்கு வராத நரி இல்லை என்று நினைப்பு.

வந்தது கருப்பன். நேராக உள்ளே போனது, கதவு விழுந்தது.

"நரியக் கூப்புடச் சொன்னா எங்க நாயைப் புடிச்சுக் குடுக்கறீங்களா?" என்றார் மரகதம்.

"போதுமுங்க, நான் போயிக் கறிய எடுத்தாரேன்" என்றார் சின்னச்சாமி.

"பொழுது இன்னும் இருக்குதுங்க" என்றேன். மரகதத்திடம் கேட்டேன்: "புடிச்ச குட்டிய அங்கயே திங்குதுங்களா?"

"எங்கீங்க? கவ்வீட்டு வாய்க்கா மேட்டுக்கு ஓடுமுங்க."

புரிந்துவிட்டது. வளையில் குட்டி இருக்கிறது. அதற்குத்தான் இரை சுமக்கிறது. ஆட்டுக்குட்டியே சுலபமாகக் கிடைக்கிற தாய்க்கு முயல் எதற்கு? குட்டி அழுதால்தான் ஓடி வரும்.

கருப்பனைக் கூண்டிலிருந்து எடுத்து வீட்டுக்குள் பூட்டச் சொல்லிவிட்டு, கூண்டுக் கதவைத் திரும்பத் தூக்கி வைத்தேன். பனையோலை வைத்த சின்னக் குழலை எடுத்து, முள் குத்திய நரிக்குட்டி மாதிரி முனகவிட்டேன். ஊதி, நிறுத்தி, மறுபடி ஊதினேன். எப்போதும் வட்டம் போட்டு மோப்பம் பிடித்து வருகிற நரி, அன்றைக்கு நேர்கோட்டில் ஓடி வந்து கூண்டுக்குள் பாய்ந்தது.

வளையிலிருந்த குட்டிகளையும் எடுத்து, தூரக் காட்டில் விடத் தாயோடு வனத்துறை ஜீப்பில் ஏற்றினோம். சின்னச்சாமி குழி தோண்டிக் கறியைப் புதைத்தார். கருப்பன் வெளியே வந்து என்னைப் பார்த்துத்தான் குரைத்தது.

குழல் ஊத என்னை மிஞ்ச ஆளில்லை, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு, நரி வீட்டு நிலவரம் விசாரிக்காமல் நான் குழலை வாயில் வைத்ததில்லை.