சர்க்கரைத் தண்ணீரில் எரிந்த விளக்கு

என் சித்திக்குப் பள்ளியில் 'மிளகாய் டீச்சர்' என்று பெயர். நேரில் சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அதே பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் நானே சில நாள் அவர் எதிரே வந்தால் வேறு வழியாகப் போய்விடுவேன். "கண்ணால பாக்காம படிச்சா அது கெமிஸ்ட்ரியே இல்ல" என்று சண்டை போட்டுச் சண்டை போட்டே அந்த ஒற்றை ஆய்வகத்தைக் காப்பாற்றி வந்தார். தாளாளருக்கோ அந்த அறைமேல் நெடுநாளாக ஒரு கண். தன் அலுவலகத்துக்கு வேண்டுமாம்.

பெற்றோர் வகுப்பைப் பார்க்க வரும் நாளில் சோதனை உருப்படியாக நடந்தால் ஆய்வகம் இருக்கும், சொதப்பினால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். சோதனைக்குச் சித்தி காய்ச்சி வடித்த நீர் கேட்டதற்கும் கையை விரித்தார். "குடிதண்ணிக்குப் புது மெஷின் மாட்டியிருக்கேனே டீச்சர். உப்பெல்லாம் எடுத்துடும். அதையே பிடிச்சுக்குங்க."

பிள்ளைகள் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.

அந்த நாளும் வந்தது. பெற்றோர் முன் மேசையில் பேட்டரி, இரண்டு கரித்தண்டு, ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, மெஷின் தண்ணீரில் கலந்த கரைசல்கள். உப்புக் கரைசலில் பளிச்சென்று எரிந்தது, வினிகரில் மங்கலாக.

"உப்புல ஆரம்பத்துலேருந்தே ப்ளஸ், மைனஸ் துகள்கள்தான். தண்ணியில பிரிஞ்சு கரண்டைக் கடத்தும். வினிகர் அமிலத்துல ஒரு ஹைட்ரஜனோட பிடி மட்டும் கொஞ்சம் தளர்வு. சில மூலக்கூறுதான் பிரியும், அதான் மங்கல். சர்க்கரை மூலக்கூறு பிடிச்ச பிடியை விடாது. கரையும், சார்ஜா பிரியாது. எரியாது பாருங்க," என்று சித்தி தண்டுகளைக் கழுவிச் சர்க்கரைத் தண்ணீரில் இறக்கினார்.

விளக்கு எரிந்தது.

தாளாளர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தி அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. சர்க்கரை போடாத மெஷின் தண்ணீரில் தண்டுகளை இறக்கினார், எரிந்தது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதிலும் இறக்கினார். அதே வெளிச்சம்.

"சர்க்கரை மேல பழி இல்ல. விளக்கை எரிய வைக்கறது தண்ணி. மெஷின் ஒரு உப்பையும் எடுக்கல," என்றார்.

ஓர் அப்பா எழுந்தார். "விஷமா டீச்சர்?"

"விளக்கு எரிஞ்சா விஷம்னு அர்த்தமில்லங்க. உப்பு இருக்குன்னு அர்த்தம். வேற என்னல்லாம் இருக்குன்னு தண்ணியைச் சோதனைக்குக் கொடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

தாளாளர் சித்தியை ஓரமாக அழைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "வயர்ல கோளாறுன்னு சொல்லிடுங்க டீச்சர். லேப் உங்களுக்கே. இனி வாயைத் திறக்க மாட்டேன்."

சித்திக்கு அந்த அறை பெற்ற பிள்ளை மாதிரி. ஒரு நொடி அலமாரிகளைப் பார்த்தார். பிறகு பெற்றோர் பக்கம் திரும்பினார்.

"வயர்ல கோளாறுன்னு சொன்னா லேப் எனக்கேன்னு சார் சொல்றார். வயர் நல்லாத்தான் இருக்கு."

அறைச் சாவியை எடுத்துத் தாளாளர் கையில் வைத்தார்.

"அறையை எடுத்துக்குங்க சார். பிள்ளைங்களுக்கு நல்ல தண்ணி குடுங்க."