மதினி கேட்ட சிரிப்பு

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என் காசெட்டைத் தொட அந்த மனுஷனுக்கு யார் உரிமை கொடுத்தது?

எண்பதுகளில் அமீரகத்துப் புஜைராவில், எண்ணெய்த் தொட்டிகள் கட்டும் சைட்டில் எனக்கு வெல்டர் வேலை. கேம்ப் ரூமில் கூட இருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. பஜாரில் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டுக் காசெட் வாங்கி வைத்திருந்தேன். அட்டையில் தொப்பி போட்ட ஒருத்தன் கிட்டாரோடு ரோட்டோரம் நிற்பான். பாட்டு முழுக்க ஊர்சுற்றலும் காதலும்தான். என் ஆங்கிலம் கேட்டுக் கேட்டு வந்தது. ஆனாலும் அவன் ஒரு ஊரில் ஒருத்தியை விரும்புகிறான், அடுத்த பாட்டில் லாரி ஏறிப் போய்விடுகிறான் என்பது புரியும். நினைத்த நேரம் கிளம்புகிறானே என்று வயிறு எரியும். எங்கள் பாஸ்போர்ட் கஃபீலின், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளியின், பீரோவில் கிடந்தது. கிளம்புவதாவது! அந்த எரிச்சலோடுதான் தினமும் கேட்பேன். கேட்காமலும் இருக்க முடியாது.

அந்தக் காசெட் ஒரு நாள் காணாமல் போயிற்று. பெட்டி, மெத்தை, கட்டிலுக்கு அடி எல்லாம் தேடினேன். அண்ணாச்சியும் கூடச் சேர்ந்து தேடினார், பாவி!

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு ரூமுக்குள் வந்தால், டேப் ரெக்கார்டருக்குள் என் காசெட் ஓடுகிறது, பக்கத்தில் அண்ணாச்சி. உள்ளிருந்து ஒரு பெண் தமிழில் அழுதுகொண்டிருக்கிறாள்.

"நீங்க பேசி முடிச்ச பொறவு ஒருத்தி சிரிக்கால்ல, யாரு அவ? எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு நெனச்சியளோ? சிரிப்புக்கு என்னத்த இங்கிலீசு? அவகூடயே இருங்க. பிள்ளையள நான் பாத்துக்கிடுதேன்."

அது மதினி, அண்ணாச்சியின் மனைவி. அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் காசெட்டில் பேசி, லீவில் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். பதிலும் அதே காசெட்டில் வரும். கடையில் வாங்கிய பாட்டுக் காசெட்டில் ரெக்கார்டு ஆகாமலிருக்க முதுகில் ஓட்டை விட்டிருப்பார்கள். அண்ணாச்சி அந்த ஓட்டையில் சிகரெட் பெட்டி அட்டையை மடித்து அடைத்து, ஒரு பக்கத்தில் பாதியை அழித்துப் பேசியிருக்கிறார். அவர் பேச்சு முடிந்த இடத்தில் ஒரு காதல் பாட்டின் நடுப்பகுதி. அதில் ஒருத்தி பாடாமல் பேசுவாள், பேசிக்கொண்டே சிரிப்பாள். மதினி அந்தச் சிரிப்போடு டேப்பை நிறுத்திவிட்டார் போலும்.

"நீரெல்லாம் மனுசனாவே? கூடச் சேந்து தேடினீரே!"

"புதுக் காசெட் தீந்துபோச்சுல. ஊருக்குப் போறவன் கிளம்பிட்டான். ஒரு பக்கந்தான அழிச்சேன்?"

"ஒம்ம மீசைல ஒரு பக்கத்த செரைச்சா சும்மா இருப்பீரா?"

சிரிக்கக்கூட இல்லை அவர். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அவ அண்ணனுவ வந்து கூட்டிட்டுப் போயிருவானுவ, தம்பி. நீ ஒரு வார்த்தை சொல்லு. மறுபக்கத்துல அதே பொம்பள பாடுதால்ல? அதக் கேட்டா நம்புவா."

அதாவது, மிச்சமிருக்கும் பாட்டும் தூத்துக்குடிக்குப் போக வேண்டும்! ஆனால் அங்கேயிருந்து ஒரு மனுஷன் ஓடிப்போய் மனைவி முன்னால் நிற்க வழியில்லை. கஃபீலிடம் யார் போய்க் கேட்பது? ரெக்கார்டு பட்டனை அமுக்கினேன்.

"மதினி, நான் இவருகூட ரூம்ல இருக்கவன். சிரிக்கது பாட்டுக்காரி. மறுபக்கத்தப் போட்டுப் பாருங்க, அவளே பாடுவா. ஒங்க வீட்டுக்காரரு களவாணி! என் காசெட்டக் களவாண்டுட்டு, எங்கூடவே தேடுத மாரி நடிச்ச மனுசன். பொம்பள சங்கதி மட்டும் கிடையாது. மாதா மேல சத்தியம்!"

ரெக்கார்டை நிறுத்தினேன். முகம் பார்த்திராத ஒரு பெண்ணிடம் இப்படியா கத்துவது என்று, அழித்துவிட்டு நிதானமாகப் பேசக் கையை நீட்டினேன். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சிராதல. நான் சொல்லிக்குடுத்து நீ பேசினா இம்புட்டுக் கோவம் வராதுல்லா. இதக் கேட்டாத்தான் அவ நம்புவா."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அண்ணாச்சி காசெட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இந்த முறை என் கண் முன்னாலேயே.