கழன்று வர வேண்டிய தையல்

பெங்களூரு ஆடுகோடியில் ஓசூர் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சீட் கவர் தைக்கிற உத்தமனுக்கு நாற்பத்தெட்டு வயது. இத்தனை வருஷத்தில் அவர் தைத்தது பிரிந்துவிட்டது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. இதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அவர் சீட் தைத்துக் கொடுத்த ஆட்டோ ஒன்று காயலான் கடைக்குப் போய்விட்டது. சீட்டை மட்டும் கழற்றி வாசலில் போட்டு அந்த டிரைவர் இன்னும் அதில்தான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அண்ணன் மகள் சௌம்யாவுக்கு ஆறாம் வகுப்பில் தைத்துக் கொடுத்த பையை அவள் பி.காம். முடிக்கும்வரை சுமந்தாள். எப்படியாவது கிழியட்டும் என்று அவள் அதை பஸ் படிக்கட்டில் போட்டு இழுத்ததும் உண்டு.

வீட்டில் இந்தத் திறமைக்கு அவ்வளவு மரியாதை இல்லை. தலையணை உறையில் பட்டன் அடிக்கடி தெறிக்கிறது என்று மனைவி சுனிதா ஒருமுறை குறைபட்டார். உத்தமன் உறையின் வாயையே நைலான் நூலால் தைத்து மூடிவிட்டார். அன்றிலிருந்து அந்த உறையைத் துவைக்க வேண்டுமானால் தலையணையோடு சேர்த்துத்தான் துவைக்க வேண்டும்.

"கழட்டுறதுக்கும் ஒரு வழி வேணும்ல?" என்றார் சுனிதா.

"பட்டன் தெறிக்குதான்னு பாரு," என்றார் உத்தமன். பட்டன் தெறிக்கவில்லை என்பது உண்மைதான்.

போன புதன்கிழமை சஹானா கடைக்கு வந்தார். தண்ணீரில் மிதக்கிற நீளமான பலகை ஒன்றின்மேல் நின்றுகொண்டு துடுப்புப் போடுகிற விளையாட்டை ஐ.டி. ஆட்களுக்குக் கற்றுத்தருவது அவர் தொழில். படகில் உட்கார இடம் இருக்கும்போது பலகையில் எதற்கு நிற்க வேண்டும் என்பது உத்தமனின் கருத்து. வாடிக்கையாளர் என்பதால் அதை வெளியே சொல்லவில்லை. இதுவரை ஏரியில் நடத்தினாராம். வருகிற சனிக்கிழமை முதன்முறையாக ஆறு பேரைக் காவிரிக்குக் கூட்டிப்போகிறாராம். பையிலிருந்து ஆறு இடுப்புப் பட்டைகளை எடுத்து மெஷின்மேல் வைத்தார். ஆள் தண்ணீரில் விழுந்தாலும் பலகை கைவிட்டுப் போகாமல் இரண்டையும் இணைக்கிற கயிறு அந்தப் பட்டையில்தான் மாட்டுகிறது.

"ஓரமெல்லாம் நூல் வந்துடுச்சு அண்ணா. பரீ ஓரம் மட்டும் அடிச்சுக் கொடுங்க, சாகு, அவ்ளோ போதும்," என்று கன்னடம் பாதி தமிழ் பாதியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஓரம் அடித்து முடித்த பிறகுதான் உத்தமன் மற்றதைக் கவனித்தார். பட்டையின் பக்கிள் முதுகுப் பக்கம் இருந்தது. அது நல்ல பக்கிள். ஆனால் முன்பக்கம் கயிற்றின் வளையத்தைப் பிடித்திருந்தது வெறும் வெல்க்ரோ மடிப்பு. மடிப்பின் நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சிவப்புப் பந்து தொங்கியது. பந்தைப் பிடித்து லேசாக இழுத்தார். மடிப்பு சர்ரென்று பிரிந்து, வளையம் நழுவி மெஷின்மேல் விழுந்தது.

யாரோ தைத்ததற்கு உத்தமனுக்கு அவமானமாக இருந்தது. ஆற்றில் ஆளையும் பலகையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய இடம், பச்சைக் குழந்தை இழுத்தால்கூட வந்துவிடும் போலிருக்கிறது. பேர்தான் ஃபாரின் சரக்கு. வளையத்தை உள்ளே வைத்து மடிப்பை அழுத்தி மூடினார். நாலு பக்கமும் கட்டம் கட்டி, நடுவில் பெருக்கல் குறி போட்டு, லாரித் தார்ப்பாய்க்குப் போடுகிற நூலால் இரண்டு ஓட்டம் ஓட்டினார். ஆறுக்கும் அதே மாதிரி. இந்த வேலையை சஹானாவிடம் சொல்லவில்லை. தானாகப் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெலிவரி ஆள் வந்து பையை வாங்கிப்போனார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சுனிதா போனை நீட்டினார்.

"உங்க பெல்ட் மேடம் ஸ்டேட்டஸ் போட்டிருக்காங்க. பாருங்க."

வீடியோவில் சஹானா முட்டியளவு ஓடுகிற தண்ணீரில் நின்று பேசினார். ஏரியில் கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம். ஆற்றில் கூடாது. கயிறு ஒரு கல்லிலோ வேரிலோ மாட்டினால் தண்ணீர் ஆளைத் தள்ளிக்கொண்டே இருக்கும், தலைக்கு மேலே ஏறிவிடும். அந்த வேகத்தில் குனிந்து கணுக்காலைத் தொட எந்தப் பயில்வானாலும் முடியாது, எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் உதவாது. அதனால்தான் ஆற்றில் இடுப்பில், கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டுகிறோம். இப்படிச் சொல்லிவிட்டு அவர் தன் சொந்தப் பட்டையின் சிவப்புப் பந்தை இழுத்தார். கயிறு விட்டுப் போனது. "இது கழண்டா பலகைதான் போகும். கழலலைன்னா ஆள் போயிடும்," என்று கன்னடத்தில் முடித்தார்.

உத்தமன் அதை இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை பார்க்கத் தெம்பில்லை. சஹானாவுக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் கன்னடத்தில் ஒருமுறையும் இங்கிலீஷில் ஒருமுறையும் சொன்னார்.

"என்னாச்சு, மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"சுனிதா, அந்தத் தலகாணி ஒற இருக்குதே."

"அதுக்கு இப்ப என்ன?"

"அதே மாதிரி ஆறு பேருக்குத் தச்சு அனுப்பிட்டேன்."

சுனிதாவுக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் ஒன்றும் திட்டவில்லை. அதுவே உத்தமனுக்குப் பயமாக இருந்தது. ஸ்கூட்டர் சாவியையும் தையல் பிரிக்கிற கத்தியையும் கையில் கொடுத்து, "பத்து மணிக்கு எறங்குறாங்கன்னு போட்டிருக்கு, எடமும் போட்டிருக்கு. போங்க," என்றார்.

கனகபுரா ரோட்டில் மெட்ரோ தூண்கள் முடிகிறவரை டிராபிக். அதற்குப் பிறகு ஸ்கூட்டர் எவ்வளவு போகுமோ அவ்வளவு போனது. வழியெல்லாம் தையல் பிரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தன் தையலுக்கு எதிராக அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இரட்டை ஓட்டம், தார்ப்பாய் நூல் என்பது ஞாபகம் வந்ததும் வேண்டுதலில் நம்பிக்கை போய்விட்டது. ஆறு பேரில் யாருக்காவது சின்னக் குழந்தை இருக்குமோ என்று யோசித்தார். அதற்கப்புறம் எதையும் யோசிக்காமல் ரோட்டை மட்டும் பார்த்தார்.

ஆற்றங்கரையை அடைந்தபோது மணி பத்தரை. முதலில் கண்ணில் பட்டது கரையில் வரிசையாகக் கிடந்த ஆறு பலகைகள். பக்கத்தில் ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டுமாக ஆறு பேர் நின்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். சஹானா ஒரு பாறைமேல் உட்கார்ந்து, மடியில் பட்டைகளைப் போட்டுக்கொண்டு, காய்கறி வெட்டும் கத்தியால் எதையோ அறுத்துக்கொண்டிருந்தார். உத்தமன் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட மறந்து இறங்கியதில் அது சாய்ந்து விழுந்தது.

"மேடம், யாராச்சும் தண்ணில எறங்கிட்டாங்களா?"

"எப்படி அண்ணா எறங்குவாங்க? ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாத்துட்டுத்தான் விடுவேன். ஆறுல ஒண்ணுகூட வரல." சஹானா கத்தியைக் காட்டினார். "முக்கால் மணி நேரமா அறுக்கறேன். கத்திதான் மழுங்கிப்போச்சு."

உத்தமனுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. உடனே அந்தப் பெருமை வந்ததற்கு வெட்கமாக இருந்தது. பாறைமேல் அவரும் உட்கார்ந்தார்.

ஆறு பேரில் ராஜேஷ்குமார் என்பவர் பக்கத்தில் வந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ டீமுக்கு லீடராம். இங்கேயும் அப்படித்தான் பேசினார்.

"மேடம், வேன்ல கால்ல கட்டற கயிறு கிடக்குதே. அதைக் குடுங்க, நாங்க போயிடறோம். இதுக்காக வெயிட் பண்ணிட்டே இருக்கறதா?"

"அது ஏரிக்கு சார். இங்க அதைக் கட்டி உங்களை எறக்க மாட்டேன்," என்றார் சஹானா. "வெயிட் பண்ண முடியாதுன்னா வேன்ல உக்காருங்க, ஏசி போடச் சொல்றேன்."

உத்தமன் பிரிக்க ஆரம்பித்தார். தன் தையல் எவ்வளவு நெருக்கம் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கண்ணியாகக் கத்தி முனையைக் கொடுத்து எடுக்க வேண்டியிருந்தது. விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. ஒவ்வொரு பட்டையையும் முடித்ததும் தானே இடுப்பில் மாட்டிக்கொண்டு, கயிற்றின் மறு நுனியை சஹானாவைப் பிடித்து இழுக்கச் சொல்லி, பந்தை இழுத்துப் பார்த்தார். நாலாவது பட்டை பாதியில் சிக்கியது. மடிப்புக்குள் விரற்கடை நூல் ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் எடுத்து, இன்னும் மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகே கீழே வைத்தார். மணி ஒன்று ஆகிவிட்டது.

"நீங்க கெளம்புங்க அண்ணா, லேட்டாயிடுச்சு," என்றார் சஹானா.

"எல்லாரும் கரை ஏறட்டும் மேடம்."

முதல் ஐந்து பேர் தடுமாறி, விழுந்து, ஏறி, எப்படியோ ஆற்றின் வளைவைத் தாண்டிக் கரை சேர்ந்தார்கள். ராஜேஷ்குமார் கடைசியாகப் போனார். வலது பக்கம் போகச் சொன்னால் இடது பக்கம் போனார். அங்கே மருதமரம் ஒன்றின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. பலகை வேருக்கு ஒரு பக்கம் போனது, அவர் விழுந்து மறுபக்கம் போனார். நடுவில் கயிறு விறைத்து நின்றது. தண்ணீர் அவர் தோளில் ஏறி, ஹெல்மெட்டின்மேல் ஏறி வழிந்தது. ஆற்றில் நின்றிருந்த சஹானா தன் பலகையை வேகமாக அந்தப் பக்கம் திருப்பினார், ஆனால் தூரம் இருந்தது.

கரையில் உத்தமன் தன் இடுப்பில் இல்லாத பந்தை இழுத்துக்கொண்டிருந்தார். மிச்ச நூல் இருந்தது நாலாவது பட்டையில். ராஜேஷ்குமார் போட்டிருப்பது எத்தனையாவது என்று அவருக்குத் தெரியவில்லை. வாய்விட்டு, "வந்துடு, வந்துடு," என்று சொன்னார்.

கயிறு தொய்ந்தது. பத்தடி தள்ளி மஞ்சள் ஹெல்மெட் மேலே வந்தது. ராஜேஷ்குமார் இருமிக்கொண்டே மிதந்து போக, சஹானா அவரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். பலகை வேரோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது.

ராஜேஷ்குமார் கரையில் உட்கார்ந்து தண்ணீரைத் துப்பினார். மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"என்ன மேடம் பெல்ட் இது? சும்மா கை வெச்சேன், வந்துடுச்சு. போர்டு அங்க மாட்டிக்கிச்சு. அதுக்கு நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன். யாரு தச்சது இதை?"

சஹானா வாயைத் திறப்பதற்குள் உத்தமன் முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான் சார்."

"என்னங்க தையல் இது? ஒரு இழு இழுத்தா வந்துடுமா?"

"வந்துடும் சார்," என்றார் உத்தமன். ராஜேஷ்குமார் மேலும் ஐந்து நிமிஷம் திட்டினார். உத்தமன் எதிரிலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்.