புர்மாகான் வீட்டுப் படம்

எங்கள் மலையூரான நரீனில் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் எங்கள் அறை. ஜிபாரும் நானும் ஆறு வருடமாக அங்கே வேலை பார்க்கிறோம். அதற்கு முன் அவள் மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு எரிந்துபோன அன்று போனிலிருந்து இணையத்தில் ஐந்து வரி எழுதிப் போட்டாள். ஒரு ரொட்டியின் விலை அனுப்பினால் போதும் என்று முடித்திருந்தாள். இரண்டு நாளில் முந்நூறு பேர் அனுப்பிவிட்டார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர்கள், சந்தையில் காலுறை விற்கிறவர்கள், மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போன பையன்கள். அவளாலேயே நம்ப முடியவில்லை.

அப்புறம் ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். மருத்துவமனை வேலையை விட்டாள். சங்கமாகப் பதிவு செய்தோம், எங்கள் இருவருக்கும் சம்பளம் என்று ஒன்று வந்தது. பயிற்சி வகுப்புகளுக்கும் போய் வந்தாள். அழ வைக்காத படம் யார் பையையும் திறக்க வைக்காது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். அவள் அதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பெரிய அமைப்பு அவளைக் கவனித்துக்கொண்டிருந்தது. ஒரே வேண்டுகோளுக்குப் பத்தாயிரம் பேர் கொடுக்கும்படி செய்து காட்டினால் அங்கே பொறுப்பான வேலை தருவதாகப் பேச்சு.

அந்த நேரத்தில்தான் கோக்-சாய் கிராமத்திலிருந்து கடிதம் வந்தது. ஊர்த் தண்ணீர் பம்பு செத்து இரண்டு வருடம். பெண்கள் ஆற்றுப் பனியை உடைத்துத் தண்ணீர் சுமக்கிறார்கள். எழுதியவர் புர்மாகான், ஊர்ப் பெண்கள் குழுவின் தலைவி. வீட்டுக்கு ஓர் ஆடு விற்றுப் பாதித் தொகையை அவர்களே சேர்த்துவிட்டார்கள், மீதிக்குத்தான் கேட்டிருந்தார்.

பிப்ரவரி மாதம் போனோம். புர்மாகான் வாளியோடு பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர். ஊன்றுகோலோடு நடந்து, எங்களுக்காகத் தரையில் சாப்பாட்டுத் துணி விரித்தார். ரொட்டி, பாலேடு, ஆப்ரிகாட் பழ ஜாம், எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகள். மகள் பெகாயிம் தேநீர் ஊற்ற ஊற்ற நாங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டோம். ஜிபார் மூன்று கிண்ணம் குடித்தாள்.

பிறகு அவள் எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் பெட்டியின் மேல் மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. எங்கள் ஊரில் ஒரு வீட்டின் மானமே அந்த அடுக்குதான். "அக்கா, படத்துக்கு மட்டும் இதை அந்த ரூமுக்கு மாத்திக்கலாமா?" என்று கேட்டாள். புர்மாகான் கொஞ்சம் தயங்கினார். "படத்துக்கா? சரி, எடுத்துக்கோங்க" என்றார். அடுக்கைக் கலைத்துச் சுமந்தவள் நான்தான். துணியையும் சுருட்டினோம். ஒரு ரொட்டித் துண்டை மட்டும் விட்டுவைத்தோம்.

என்ன எழுதப் போகிறோம் என்று அவரிடம் படித்துக் காட்டவில்லை. பனி உடைத்த தண்ணீரும் காய்ந்த ரொட்டியும்தான் இந்த விதவையின் வாழ்க்கை, இவளுக்கென்று யாருமில்லை என்று ஜிபார் எழுதினாள். விற்ற ஆடுகளைப் பற்றி ஒரு வரி இல்லை. "நீளமாப் போகுது" என்று அடித்துவிட்டாள்.

பன்னிரண்டாயிரம் பேர் கொடுத்தார்கள். மே மாதம் பம்பு வந்தது. பிஷ்கெக்கிலிருந்து வேலைக் கடிதமும் வந்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஜிபார் திறப்பு விழாவுக்கு வந்தாள்.

ஊர்ப் பெண்கள் மரியாதையாக நின்றார்கள். ஆனால் யாரும் எங்களை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. புர்மாகான் வரவே இல்லை. உடம்பு முடியவில்லையோ என்று நாங்களே தேடிப் போனோம். வாசலில் உட்கார்ந்து கம்பளி கோதிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"என் பையன் நுர்தானுக்கு மாஸ்கோல வேலைன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஜிபார் தெரியாது என்றாள். கேட்டிருந்தால்தானே தெரியும்.

"மாசா மாசம் அனுப்புவான். கூட வேலை பாக்குறவனுங்க உன் படத்தக் காட்டி, அம்மாவப் பட்டினி போட்டுட்டு இங்க என்னடா பண்றேன்னு கேட்டிருக்கானுங்க. போன் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. நான் பண்ணாலும் எடுக்க மாட்டேங்குறான்."

"அக்கா, இப்பவே அந்தப் படத்த எடுத்துடறேன்."

"பார்த்தவங்க கண்ணுல இருந்து எடுப்பியா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "என் வீட்ல சாப்பிட்டுட்டுப் போய், என் வீட்ல சோறில்லன்னு ஊருக்குச் சொன்னியே மகளே. நாப்பது வீட்டுக்காரங்க ஆடு வித்தோம். எங்களப் பிச்சைக்காரங்களாக்கிட்டியே."

ஜிபாரின் முகம் கழுத்து வரை சிவந்துபோனது. மன்னிப்பு என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பம்படியிலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் ஜிபார் படத்தை நீக்கிவிட்டு உண்மையை எழுதினாள். மெத்தையை நாங்கள் நகர்த்தினோம், அந்த வீட்டில் நன்றாகச் சாப்பிட்டோம், பாதித் தொகை ஊருடையது, மகன் தாயைக் கவனிக்கிறான். இந்த முறை ஒரு வரியையும் அடிக்கவில்லை. பிஷ்கெக் அமைப்பு, இதைப் பொதுவில் சொல்லியிருக்க வேண்டாம் என்று வருத்தம் தெரிவித்து வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏமாற்றுக்காரி என்று நூற்றுக்கணக்கானோர் திட்டினார்கள். அதற்கெல்லாம் அவள் கலங்கவில்லை, பட வேண்டியதுதான் என்றாள்.

நுர்தானின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அவன் முழுவதும் கேட்டான். பிறகு, "அக்கா, நீங்க ரெண்டாவதா எழுதினத யாருமே எனக்குக் காட்டல. முதல் படத்தத்தான் எல்லாரும் காட்டினாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அன்றுதான் ஜிபார் அழுவதைப் பார்த்தேன். இலையுதிர் காலத்தில் அவன் வந்து அம்மாவோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போனதாகப் பெகாயிம் சொன்னாள். எங்களைப் பார்க்க வரவில்லை.

இப்போது எங்கள் இணையப் பக்கத்தைப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், சம்பளமும் பாதிதான். என்ன எழுத வேண்டும் என்பதை அந்தந்த ஊர்க்காரர்களே எழுதித் தருகிறார்கள். போடும் முன் ஜிபார் போனில் படித்துக் காட்டி, சரியா என்று இரண்டு முறை கேட்கிறாள். அவர்கள் விரும்பாவிட்டால் படத்தில் முகம் இருக்காது. யாராவது கூட்டத்தில் அவளைக் கோக்-சாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று அறிமுகப்படுத்தினால், எழுந்து நின்று, அந்த ஊர்ப் பெண்கள் கொண்டுவந்தது என்று திருத்திவிட்டு முகம் சிவக்க உட்கார்ந்துவிடுவாள்.

அடுத்த வருடம் கோக்-சாய் பாலர் பள்ளிக் கூரைக்காகப் புர்மாகான் மூன்று வரி எழுதி மகளிடம் கொடுத்தனுப்பினார். கூரை ஒழுகுகிறது, பலகையும் ஆளும் எங்களிடம் உண்டு, தகடு வேண்டும். அவ்வளவுதான். படம் இல்லை. அம்மா எங்களோடு பேச விரும்பவில்லை என்றும் பெகாயிம் சொல்லிவிட்டாள். ஜிபார் அந்த மூன்று வரியை அப்படியே போட்டாள்.

பணம் சேர ஐந்து மாதம் ஆயிற்று. தகடு போய்ச் சேருமுன் முதல் பனி விழுந்துவிட்டது. இரண்டு வாரம் பிள்ளைகள் பிளாஸ்டிக் தாளின் கீழ்தான் உட்கார்ந்தார்கள். பள்ளி ஆசிரியை ஒருத்தி போன் செய்து, பழைய மாதிரி எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்குமே என்று கேட்டாள்.

"ஆமா டீச்சர்" என்று மட்டும் சொன்னாள் ஜிபார்.