குல்லா போட்ட அலாரம்

படகு என்ஜின் அறைக்குத் தீ அலாரம் விற்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: கருவி வேலை செய்தால் வாங்கினவர் திட்டுவார், வேலை செய்யாவிட்டால் திட்ட ஆளே இருக்க மாட்டார். ராயப்பேட்டையில் அப்படி ஒரு கடையில்தான் நான் இருக்கிறேன். என் கான்வென்ட் படிப்பு அங்கே பில் போடவும் பயப்படவும் உதவுகிறது. என் கணவர் சேகர் விசைப்படகில் என்ஜின் டிரைவர். உங்கள் வீட்டிலும் யாராவது கடலுக்குப் போகிறவராக இருந்தால், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெறும் டப்பா

ஒரு படகு முதலாளி வந்தார். என்ஜினுக்கு மேலே சூட்டை உணர ஒன்று, புகையை உணர ஒன்று, மணி மேலே படகு ஓட்டுபவர் காதில் விழும்படி, கரண்ட் போனாலும் ஓடத் தனி பேட்டரி என்று மூச்சு விடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். எல்லாம் சரிதான், உள்ளே இருக்கும் சாமான் இல்லாமல் மேல்மூடி மட்டும் கிடைக்குமா என்றார். நான் விழித்ததைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல. "செக் பண்ண வர்றவரு கீய நின்னு அண்ணாந்து பாப்பாரும்மா, உள்ள இன்னா கீதுன்னு கயட்டியா பாக்கப் போறாரு?"

சாப்பாட்டு மணி

இது நாங்களே மாட்டிக் கொடுத்த படகு. நடுக்கடலில் மணி அடித்திருக்கிறது. அந்தப் படகில் சோறு வெந்ததும் சமையல்காரர் மணி அடிப்பது வழக்கம்; அதை அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கீழே என்ஜின் பெல்ட் கருகிக்கொண்டிருந்தது. டீசல் குழாய் வரை போகவில்லை, பிழைத்தார்கள். மணிக்குப் பதில் சைரன் வேண்டும் என்று கடைக்கு வந்த அந்தப் படகு ஆள், கையில் கட்டோடு சிரித்தார். "அல்லாரும் தட்டை எடுத்துக்கினு ஓடியாந்தோம் மேடம், சோத்தைக் காணோம், பொகதான் கீது!"

சிவப்புக் குல்லா

சேகரின் படகிலும் எங்கள் கருவிதான். சர்வீஸ் பார்க்க மெக்கானிக்கோடு போனபோது பார்க்கிறேன், புகை உணரும் கருவியின் மேல் ஒரு கேரி பேக், ரப்பர் பேண்டு போட்டு. புறப்படும் முன் என்ஜினுக்குச் சாம்பிராணி காட்டுவார்கள். அந்தப் புகைக்கு அலாரம் கத்தும். "சாமி கும்புடச்சொல்லோ அது கத்துனா அபசகுனம்னு ஸ்ராங்கு கடுப்பாவுறாரும்மே" என்றார் சேகர். ஸ்ராங்குதான் படகுக்குத் தலைவர். அவர் முகம் சுளித்தால் இவர் வேறு படகு தேட வேண்டும். எனக்கோ பையைக் கட்டுவது கூட பயமில்லை; அவிழ்க்க மறப்பதுதான்.

அதனால் பாப்பாவின் சிவப்புக் கம்பளிக் குல்லாவைக் கொடுத்தேன். பூஜைக்கு அதை மாட்டட்டும். முடிந்ததும் கழற்றி, கரையில் நிற்கும் என் கையில் தந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சில தடவை ஒழுங்காக நடந்தது. இந்தத் தடவை பாப்பாவுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. போனில் கேட்டேன், குல்லா எங்கே என்று. படகு ஏற்கெனவே கிளம்பியிருந்தது, என்ஜின் சத்தம் கேட்டது. சிக்னல் அறுந்து போவதற்கு முன் நான் கடைசியாகக் கேட்டது இதுதான்: "பாக்கெட்லதாம்மே கீது... இரு, இன்னொரு வாட்டி பாத்துட்டு சொல்றேன்!"

ஊர்ப் படகுகளுக்கெல்லாம் அலாரம் விற்றுவிட்டு, என் வீட்டு ஆளுக்கு மட்டும் நானே அலாரமாக, யார் காதிலும் விழாத இடத்தில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.