பூசைக்குக் கழுவிய எஞ்சின்

ஆயுத பூசை என்றால் என் வீட்டுக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். அந்த வருடம் காரின் முன்மூடியைத் திறந்து, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மெஷினால் தண்ணீரைப் பீய்ச்சி எஞ்சினையே குளிப்பாட்டிவிட்டார். "அக்காவத் தூக்கிக்கிட்டு ஓடுற வண்டி. மூஞ்சிய மட்டும் கழுவினாப் போதுமா?" என்றார். பிறகு சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி நடந்தது.

அக்கா என் கூடப் பிறந்தவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் கிள்ளானில் எங்களோடு இருக்கிறாள். டயாலிசிஸ் மையம் ஒரு மணி நேர ஓட்டத்தில், பிரிக்பீல்ட்ஸில்; வாரத்துக்கு மூன்று தடவை நான்தான் காரில் கொண்டுபோகிறேன். ரயில் இருக்கிறதே என்பார்கள். சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவளை ஒரு தடவை பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டில் யாருடைய கைப்பேசி அடித்தாலும் முதலில் திரும்பிப் பார்ப்பவள் இன்னும் அவள்தான்.

பூசைக்கு மறுநாளே வண்டி நடுங்க ஆரம்பித்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது இருக்கையே உதறியது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. வொர்க்ஷாப்பில் காட்டலாம் என்றேன்.

"தண்ணி பட்டிருக்கும், காஞ்சா சரியாயிடும் லா. பூசை போட்ட கையோட வண்டியப் பிரிச்சுப் போட்டா நல்லாவா இருக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி கும்பிட்டால் மெக்கானிக் வேண்டாம் என்று எந்தச் சாமி சொன்னது? ஆனால் வேறு கார் கிடையாது, அக்கா போயாக வேண்டும். ஓட்டினேன்.

அடுத்த வாரம் பெடரல் நெடுஞ்சாலையில் சுபாங் தாண்டும்போது, எவ்வளவு அழுத்தியும் வண்டி வேகம் எடுக்கவில்லை. பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அழுகிய முட்டை நாற்றம் உள்ளே அடித்தது. அக்கா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மெதுவாவே போ, அவசரமில்ல" என்றாள். அவளுக்குத்தான் அவசரம். உடம்பில் தேங்கிய தண்ணீரால் கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. ஓரமாக ஒதுக்கியதும் எஞ்சின் அணைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்காரர் மோட்டார்சைக்கிளில் வந்து காருக்குக் காவல் நிற்க, நாங்கள் இருவரும் வாடகைக் கார் பிடித்துப் போனோம். தாமதமாகிவிட்டது. அடுத்தவர்கள் காத்திருந்ததால் அக்காவுக்கு முழு நேரம் கிடைக்கவில்லை. வீக்கம் பாதிதான் வடிந்தது. நர்சைக் கோபித்துக்கொள்ளவும் நியாயமில்லை.

திரும்பும் வழியில், கார் இழுத்துவரப்பட்டிருந்த கிள்ளான் வொர்க்ஷாப்பில் இறங்கினோம். வீட்டுக்காரர் அங்கேதான் நின்றிருந்தார். மெக்கானிக் கருவியைச் செருகிப் பார்த்து, மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றார். அதற்குத் தீப்பொறி தரும் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றி மாட்டினார். கோளாறும் முதலாவதுக்கே போய்விட்டது. அப்படியானால் காயில்தான். பிளக் இருந்த குழிக்குள் டார்ச் அடித்தார். அடியில் ஈரமும் துருவும்.

"எஞ்சினக் கழுவினீங்களா அண்ணே?"

வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"காயில் சின்ன விசயம். லைட் மின்னுறப்பவே நிப்பாட்டியிருக்கணும். எரியாத பெட்ரோல் பூரா புகைக்குழாய்ல இருக்கிற கன்வெர்ட்டருக்குப் போய், அங்க எரிஞ்சிருக்கு. புகையச் சுத்தம் பண்றதே அதுதான். உள்ள உருகி அடைச்சுக்கிச்சு. அதான் வண்டி மூச்சு விட முடியாம நின்னுருச்சு."

பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்த அக்கா கண்ணைத் திறந்தாள். "அதக் கழுவி எடுக்க முடியாதா தம்பி?"

"முடியாதுக்கா. மாத்தித்தான் ஆகணும்."

"கிடைக்குமா?"

"ஆர்டர் போட்டா நாளைக்கே வந்துரும்."

"நாளைக்கேவா!" அக்கா சத்தமாகவே சிரித்துவிட்டாள். "கேட்டீங்களா மாப்ள? நாளைக்கே வந்துருமாம்."

அவருக்குச் சிரிக்க வரவில்லை. வெளியே போய்விட்டார். நான் குனிந்து அக்காவின் செருப்பு வாரைத் தளர்த்தினேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.