கல்யாணப் படங்கள் இருந்த கம்ப்யூட்டர்

மல்லசமுத்திரத்தில் என் தையல் கடையை ஒட்டினாற்போல் பூபதியின் போட்டோ ஸ்டுடியோ. சுற்று வட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு அவர்தான் படம் எடுப்பார். மனுஷன் சரியான பயந்தாங்கொள்ளி. தூரத்தில் இடி இடித்தாலே கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொள்வார். இத்தனை பயப்படுகிறவர், எடுத்த படங்களுக்கு இன்னொரு நகல் மட்டும் வைக்க மாட்டார். கேட்டால் நாளைக்கு என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வெள்ளிக்கிழமை காலை, ஆல்பம் வேலை நத்தையாய் நகர்கிறதென்று புது ரேம் ஒன்று வாங்கி வந்தார். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி தட்டப் பழைய ரேமையும் கழற்றி வைத்தார். அவர் மனைவி ராசாத்தி, எந்தச் சாமான் வந்தாலும் பூசை போடாமல் விடமாட்டாள். சூடம் காட்டி முடித்ததும் பூபதி இரண்டையும் மாட்டிப் பட்டனை அமுக்கினார். உள்ளே காற்றாடி சுற்றியது. மூன்று முறை பீப் என்று கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தீபிகா வந்து நின்றாள். போன மாதம்தான் அவள் கல்யாணத்துக்குப் பூபதி படம் எடுத்தார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அவள் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள்.

"அண்ணா, அம்மா படம் ஒண்ணு வேணுங்க. நாளைக்குக் கருமாதி. ஆதார் கார்டுல இருக்கறத உட்டா எங்ககிட்ட ஒண்ணுமே இல்லீங்க."

"உக்காரு சாமி, சித்த நேரத்துல எடுத்துத் தாரேன்" என்றவர், நேரே என் கடைக்குள் வந்தார்.

"அக்கா, கேமரா கார்ட அடுத்த கண்ணாலத்துக்கு அழிச்சுட்டனுங்க. எல்லாம் அந்தப் பொட்டிக்குள்ளதான் கெடக்குது. ஹார்ட் டிஸ்க் போயிருந்தா அந்தப் புள்ளைக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

நாளைக்கு நாளைக்கு என்றதற்கு நன்றாகக் கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஸ்டுடியோவுக்குப் போனேன்.

வயரை மாற்றினார். அதே சத்தம். புது ரேமைக் கழற்றிப் பழையதை மட்டும் மாட்டினார். அதே சத்தம். அவசரத்தில் ஸ்குரு ஒன்று மேசைக்கடியில் உருண்டது. தீபிகா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் திருச்செங்கோட்டுக் கம்ப்யூட்டர் மெக்கானிக் அறிவு என்பவருக்குப் போன் போட்டார்.

"மூணு தடவ கத்துனா ரேம்தானுங்க. கழட்டி, தங்கக் கலர்ல இருக்கற பல்லப் பாருங்க."

கண்ணாடி போட்டுப் பார்த்தார். இரண்டு ரேமின் பல்லிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் அப்பியிருந்தன.

"நாந்தானுங்க பொட்டு வெச்சேன்" என்றாள் ராசாத்தி. "புதுசுக்கு மட்டும் வெச்சாப் பழசு என்ன பாவம் பண்ணுச்சுன்னு ரெண்டுக்கும் வெச்சேன்."

பூபதிக்குத் திட்டவும் தெம்பில்லை. அவருக்கும் சேர்த்து நானே திட்டினேன். ரப்பரால் பல்லைத் தேய்த்தார். ரேம் மாட்டும் இடத்தைத் தையல் மெஷின் துடைக்கும் என் பிரஷால் சுத்தம் செய்தார். பட்டனை அமுக்கினார். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது. தீபிகா கல்யாணத்துப் படங்கள் ஆயிரத்து எண்ணூறும் பத்திரமாக இருந்தன. ராசாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூபதி படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். மாமன்மார் இருந்தார்கள், சம்பந்தி வீட்டார் இருந்தார்கள், சாம்பார் ஊற்றிய ஆள்கூட இருந்தான். அம்மாவைக் காணோம். ஐநூறு தாண்டியது, ஆயிரம் தாண்டியது. கடைசிப் படமும் போனது. திரும்பித் தீபிகாவைப் பார்க்க அவருக்குப் பயம்.

"அப்பா தவறிட்டாரு, புருசன் இல்லாதவங்க முன்னால நின்னா மாப்பள ஊட்டுல ஒரு மாதிரி பேசுவாங்கன்னு, நாந்தானுங்க அம்மாவ ரூம்புக்குள்ளயே இருக்கச் சொன்னேன்" என்றாள் தீபிகா. பூபதி மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"இன்னொருக்கா மொதல்ல இருந்து பாருங்கண்ணா. ரூம்புக் கதவு தொறந்திருந்த படம் ஒண்ணாச்சும் இருக்குமுங்க."

பூபதி முதல் படத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.